ஊதச் சொன்ன இடத்துக்கு ஒரு வளைவு மேலே

குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்கு என்றால் நம் தொழிலில் யாரும் தலை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. கட்சிக்காரர் வருவார். "ஒத்துக்கிட்டு அபராதம் கட்டிட்டுப் போப்பா" என்போம். அவரும் தலையைச் சொறிந்துகொண்டே கட்டிவிட்டுப் போவார். டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. நானும் ஏகப்பட்ட பேரை அப்படி அனுப்பி வைத்திருக்கிறேன். அவர்களில் முக்கால்வாசிப் பேர் நிஜமாகவே குடித்திருந்தார்கள் என்பதால் எனக்கு அதில் உறுத்தல் எதுவும் கிடையாது.

இப்போது முழங்கால் இரண்டும் ஒன்றுசேர்ந்து எனக்கு ஓய்வு கொடுத்துவிட்டன. கோர்ட் படி ஏற முடியாதவனுக்கு வக்கீல் கோட்டு எதற்கு என்று கழற்றி மாட்டிவிட்டேன். புதிதாகப் பட்டம் வாங்கி வந்திருக்கும் நீங்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "சார், உங்க பெரிய கேஸ் எது?" என்று கேட்கிறீர்கள். கொலை வழக்கு ஒன்றைச் சொல்வேன் என்று எதிர்பார்க்கிறீர்கள். நான் சொல்லப்போவது ஒரு குடிபோதை வழக்கு. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். பிறகு சிரிக்க இடம் கிடைக்காது.

கட்சிக்காரர் பெயர் வெள்ளையன். ஜவ்வாது மலைமேல் ஒரு சின்ன ஊர். சொந்தமாக ஒரு பழைய ஜீப் வைத்திருந்தார். அந்தப் பக்கத்து ஊர்களுக்கு பஸ் வருவது பஸ்காரர்களின் மனசைப் பொறுத்தது என்பதால், சந்தைக்குப் போகிற சாமை மூட்டையிலிருந்து பிரசவ வலி எடுத்த பெண் வரை எல்லாம் இவர் ஜீப்பில்தான் கீழே இறங்கும். மலைக்குப் புதிதாக ஒரு ஆம்புலன்ஸ் கொடுத்திருந்தார்கள். அந்த ரோட்டை அறிந்த டிரைவர் வேண்டும் என்று தேடி இவரையே தேர்ந்தெடுத்திருந்தார்கள். மாதச் சம்பளம், காக்கிச் சட்டை, எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் வழக்கு வந்து விழுந்தது.

நடந்தது இவ்வளவுதான். புளி உலுக்கும் காலம். பொன்னன் என்கிற விவசாயி புளியமரத்தின் உச்சிக் கிளையிலிருந்து விழுந்துவிட்டார். தலையில் அடி, நினைவில்லை. வெள்ளையன் தன் ஜீப்பின் பின்பக்கம் அவரைப் படுக்க வைத்து, அவர் மனைவியையும் ஏற்றிக்கொண்டு, அமிர்தி வழியாக வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். நல்ல பகல் வேளை. மலை ரோடு முடிகிற இடத்தில் போலீஸ் வண்டிகளை நிறுத்திச் சோதனை செய்துகொண்டிருந்தது. வெள்ளையன் வாயில் சாராய வாடை அடித்தது. மெஷினில் ஊதச் சொன்னார்கள். அளவு எக்கச்சக்கமாகக் காட்டியது. சீட்டுக்கு அடியில் மூடி திறந்த குவார்ட்டர் பாட்டில் ஒன்றும் கிடைத்தது.

அங்கிருந்த எஸ்.ஐ. இளவயதுக்காரர், வேறு மாவட்டத்திலிருந்து புதிதாக வந்தவர். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். உயிருக்குப் போராடுகிற ஆளைப் பின்னால் வைத்துக்கொண்டு முன்னால் ஒருவன் குடித்துவிட்டு ஓட்டுகிறான் என்றால் எவருக்கும் ரத்தம் கொதிக்கும். அவர் நேரத்தையும் வீணாக்கவில்லை. தன் கூட இருந்த ஏட்டை அழைத்து, "நீங்க ஓட்டிக்கிட்டுப் போய் அட்மிட் பண்ணுங்க" என்று ஜீப்பைக் கொடுத்தார். பொன்னனின் தலையைத் தாங்கிப் பிடிக்க ஆள் வேண்டுமே என்று வெள்ளையனையும் பின்னால் ஏற்றி அனுப்பினார். திரும்பி வந்ததும் வழக்கு எழுதினார். லைசென்ஸைப் பிடித்து வைத்துக்கொண்டார்.

வெள்ளையன் தானாக என்னிடம் வரவில்லை. அவர் மனைவி அலமேலுதான் இழுத்துக்கொண்டு வந்தாள். அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள், அவர் கதவோரம் நின்றார். ஒல்லியான மனிதர். டிரைவர்களுக்கே உரிய அந்தக் கண், எதையும் சற்றுத் தள்ளியே பார்க்கிற கண்.

"அன்னிக்கு இன்னாய்யா நடந்துச்சு?" என்று கேட்டேன்.

"நான் குடிக்கலிங்க."

"சரி, குடிக்கல. வாயில வாடை எப்படி வந்துச்சு? பாட்டில் எதுக்கு?"

"நான் குடிக்கலிங்க சார். அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க."

நான் பல விதமாகக் கேட்டுப் பார்த்தேன். கோபத்தோடும் கேட்டேன். அவர் மரியாதை குறையாமல் நின்றார், வாயை மட்டும் திறக்கவில்லை. ஒத்துக்கொண்டு அபராதம் கட்டிவிடலாமா என்றால் அதற்கு அலமேலு குறுக்கே விழுந்தாள். "குடிக்காத ஆளு இன்னாத்துக்குங்க குடிச்சேன்னு சொல்லணும்? சொன்னா ஆம்புலன்ஸ் வேலை போச்சுங்களே." அவள் சொன்னது சரி. வழக்கிலிருந்து சுத்தமாக வெளியே வந்தால்தான் வேலை, இல்லையென்றால் அடுத்த ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று அந்த ஆபீசில் சொல்லிவிட்டார்கள். அதையும் வெகுநாள் காத்திருக்க மாட்டோம் என்ற எச்சரிக்கையோடு சொல்லியிருந்தார்கள்.

அவர் பீடி பிடிக்க வெளியே போனதும் அலமேலு குரலைத் தாழ்த்தினாள்.

"அவரு சொல்ல மாட்டாருங்க. நான் சொல்றேன். நான் அந்த வண்டியில போவல, அதனால சொல்லலாம்."

மலை ரோட்டில் கீழே இறங்கும்போது கடைசி வளைவில் ஒரு கல் இருக்கிறதாம். சமவெளி முதன்முதலாகக் கண்ணில் படும் இடம் அது. எல்லைச்சாமி. பிழைப்பாரா மாட்டாரா என்கிற நிலையில் ஒருவரை மலையிலிருந்து கீழே கொண்டு போகும்போது, வண்டியோட்டி அங்கே நிறுத்துவான். சாமிக்கென்று வைத்திருக்கிற பாட்டிலிலிருந்து ஒரு வாய் எடுத்து, விழுங்காமல் அந்தக் கல்லின் மேல் ஊதுவான். மனசுக்குள் ஏதோ வேண்டிக்கொள்வான். சாமிக்கு உண்டானதில் ஒரு சொட்டுகூடத் தொண்டைக்குள் இறங்கக் கூடாது.

"அதுக்கப்புறம், போனவங்க உசுரோட அந்தக் கல்லைத் தாண்டி வூட்டுக்குத் திரும்பற வரைக்கும், அந்த வண்டியில கால் வெச்ச யாரும் அதைப் பத்திப் பேசக் கூடாதுங்க. பேசினா வேண்டுதல் வுட்டுப் போயிடும்."

"சரிம்மா, அவரு பொணமா திரும்பினா?"

"அப்ப எப்பவுமே பேச மாட்டாங்க" என்றாள்.

எனக்கு உடம்பில் ஒரு சிலிர்ப்பு ஓடியது. இத்தனை வருஷம் அந்த மலையின் அடிவாரத்தில் குப்பை கொட்டியிருக்கிறேன், அந்த வளைவில் காரை நிறுத்தி இளநீர் குடித்திருக்கிறேன். அந்தக் கல்லை மைல் கல் என்று நினைத்திருந்தேன்.

சிலிர்ப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். வழக்கில் இது எதற்கும் உதவாது என்பது அடுத்த நிமிஷமே புரிந்துவிட்டது. மருந்து கையில் இருக்கிறது, புகட்ட வாய் இல்லை. வாயில் வைத்துத் துப்பியவனை மறு நிமிஷமே ஊதச் சொன்னால் மெஷின் எகிறத்தான் செய்யும். ரத்தத்தில் ஒன்றும் இருக்காது, வாயில் இருப்பதைக் காட்டும். இதைச் சொன்னால் வழக்கு நிற்காது. ஆனால் யார் சொல்வது? வெள்ளையன் சொல்ல மாட்டார். பொன்னனின் மனைவி அதே வண்டியில் இருந்தவள், அவளும் சொல்ல மாட்டாள். அலமேலு எதையும் நேரில் பார்க்கவில்லை. பொன்னன் திரும்பி வரும்வரை வாய்தா வாங்கலாம் என்றால் அவர் இன்னும் நினைவு தெளிந்தும் தெளியாமலும் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அதற்குள் ஆம்புலன்ஸ் வேலை கைமாறிவிடும்.

என் குமாஸ்தா ஒரு யோசனை சொன்னார். "வளைவுல மாடு மேய்ச்சோம், பார்த்தோம்னு ரெண்டு ஆளை நிறுத்திடலாம் சார்." அலமேலு அவரைப் பார்த்த பார்வையில் அவர் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டார்.

விசாரணை நாள் வந்தது. மாஜிஸ்ட்ரேட் ஒரு அம்மா. அதிகம் பேச மாட்டார், பேனாவை மூடி வைத்துவிட்டுத்தான் கேட்பார். முதலில் எஸ்.ஐ. சாட்சி சொன்னார். வாடை அடித்தது, ஊத வைத்தேன், அளவு இவ்வளவு, பாட்டில் இது. நேர்மையாகச் சொன்னார், எதையும் கூட்டவில்லை. நேர்மையான சாட்சிதான் எதிர்த்தரப்பு வக்கீலுக்குப் பெரிய தலைவலி என்பதைப் போகப் போகத் தெரிந்துகொள்வீர்கள். அவரை நான் அதிகம் குடையவில்லை. ரத்தப் பரிசோதனை செய்தீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். ஆஸ்பத்திரி வரைக்கும் போன ஆளுக்கு ரத்தம் எடுக்காதது ஓட்டைதான், ஆனால் அந்த ஓட்டை வழியாக ஒரு ஆளை வெளியே கொண்டுவர முடியாது. மெஷின் காட்டியதே போதும் என்று அரசு வக்கீல் சொல்லிவிடுவார்.

அடுத்து ஏட்டு கூண்டில் ஏறினார். ஐம்பதைத் தாண்டியவர், அமிர்தி பக்கத்து அடிவார ஊர்க்காரர். நான் நம்பியிருந்தது இவரை மட்டும்தான். சோதனை போட்ட இடத்திலிருந்து அண்ணாந்து பார்த்தால் அந்த வளைவு தெரியும். இவர் பார்த்திருப்பார். பார்த்ததைச் சொல்லுவாரா, தன் அதிகாரி பின்னால் உட்கார்ந்திருக்கும்போது "நான் ஒண்ணும் பாக்கலிங்க" என்று முடித்துவிடுவாரா என்பதுதான் தெரியாது. பதில் தெரியாத கேள்வியைக் குறுக்கு விசாரணையில் கேட்காதே என்று என் சீனியர் என் மண்டையில் அடிக்காத குறையாகச் சொல்லியிருந்தார். அதையே நானும் உங்கள் மண்டையில் ஏற்றியிருக்கிறேன். அன்றைக்கு எனக்கு வேறு வழி இல்லை.

"ஜீப்பை மொதல்ல எங்க பார்த்தீங்க?"

"மேல வளைவுலங்க."

"வளைவுல நின்னுச்சா?"

கொஞ்சம் தயங்கினார். "நின்னுச்சுங்க."

பார்த்திருக்கிறார். "நின்னு இன்னா பண்ணாங்க?"

ஏட்டு தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, கூண்டில் நிற்கும் எந்தச் சாட்சியும் என்னிடம் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"ஐயா, அந்தப் பொன்னன் வூடு திரும்பிட்டாருங்களா?"

அரசு வக்கீல் எழுந்து, சாட்சி கேள்வி கேட்கக் கூடாது என்று ஆட்சேபித்தார். மாஜிஸ்ட்ரேட் கையைக் காட்டி அவரை உட்கார வைத்தார். நான் உண்மையைச் சொன்னேன்.

"இன்னும் இல்ல. ஆஸ்பத்திரியிலதான் இருக்காரு."

ஏட்டு மாஜிஸ்ட்ரேட் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். "அம்மா, இந்தக் கேள்விக்கு என்னால பதில் சொல்ல முடியாதுங்க."

"ஏன்?"

"முடியாதுங்கம்மா."

"சத்தியம் பண்ணிட்டு நிக்கிறீங்க. பதில் சொல்ல மறுத்தா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்."

"தெரியுங்கம்மா. இன்னா தண்டனையோ குடுங்க, வாங்கிக்கிறேன்."

எனக்கு அலமேலு சொன்னது அப்போதுதான் பளிச்சென்று நினைவுக்கு வந்தது. *அந்த வண்டியில கால் வெச்ச யாரும்.* வளைவில் நின்றபோது இவர் வண்டியில் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு ஜீப்பை ஓட்டிக்கொண்டு போனது இவர்தான். வேண்டுதல் இவர் தோளிலும் ஏறிவிட்டது. பணி ஓய்வுக்கு நெருங்கிய ஒரு போலீஸ்காரர், தனக்கு எந்த உறவும் இல்லாத ஒரு மலைவாசி உயிரோடு வீடு திரும்ப வேண்டும் என்பதற்காக, சீருடையோடு கூண்டில் நின்று தண்டனை கொடுங்கள் என்கிறார். திரும்பிப் பார்த்தேன். குற்றவாளிக் கூண்டில் வெள்ளையன் கண்களை மூடிக்கொண்டிருந்தார். நான் பெரிய பக்திமான் இல்லை. ஆனாலும் அந்த நிமிஷத்தில் அந்த அறையில் சட்டத்தைவிடப் பெரியதாக ஏதோ ஒன்று நின்றுகொண்டிருந்தது போலத்தான் இருந்தது.

இளையவர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நான் பிடிவாதம் பிடித்திருக்கலாம். சாட்சியைப் பதில் சொல்ல வையுங்கள் என்று கேட்டிருந்தால் மாஜிஸ்ட்ரேட் நெருக்கியிருப்பார். அவர் வாயை உடைத்து உண்மையை எடுத்திருக்கலாம், அல்லது அவர் வேலைக்கு உலை வைத்திருக்கலாம். கட்சிக்காரருக்காக எதையும் செய்யலாம் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் என் கட்சிக்காரரே அதை விரும்பவில்லை என்பது மூடிய அந்தக் கண்களில் தெரிந்தது.

"அந்தக் கேள்வியை நான் விட்டுடறேங்கம்மா" என்றேன். பின்னால் என் குமாஸ்தா தலையில் கை வைத்துக்கொண்டது எனக்குப் பார்க்காமலே தெரிந்தது.

கையில் இருந்த ஒரே கேள்வியை விட்டாயிற்று. இனி உட்கார வேண்டியதுதான். மாஜிஸ்ட்ரேட் பேனாவைத் திறந்துவிட்டார். அந்தச் சிறு இடைவெளியில்தான் எனக்கு ஒன்று தோன்றியது. இந்த மனிதருக்கு வெள்ளையன் குடிக்கவில்லை என்று தெரியும். வாயால் சொல்ல முடியாது. ஆனால் இப்படிப்பட்டவர் அன்று பூராவும் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்திருப்பாரா? இருந்திருக்க மாட்டார். சொல்ல முடியாதவர் எதையாவது செய்திருப்பார். என்ன செய்திருப்பார்?

"ஊதற மெஷின் அன்னிக்கு யார்கிட்ட இருந்துச்சு?"

"எங்கிட்டதாங்க. தோள்ல மாட்டியிருந்தேன்."

"ஜீப்பை ஓட்டினு போறப்போ?"

"அப்பவும் தோள்லதாங்க இருந்துச்சு."

அவர் முகத்தில் லேசாக ஒரு மாற்றம். நான் சரியான வழியில்தான் போகிறேன் என்று அந்த முகம் சொல்லியது, அல்லது சொல்வதாக நான் நினைத்துக்கொண்டேன். இனி கேட்கப்போகும் கேள்விக்கு வேறு பதில் வந்தால் என் கையாலேயே வெள்ளையனுக்குக் குழி தோண்டியதாகிவிடும். சீனியரை மனதுக்குள் கும்பிட்டுவிட்டுக் கேட்டேன்.

"ஆஸ்பத்திரியில, வெள்ளையனை மறுபடியும் ஊதச் சொன்னீங்களா?"

ஏட்டு ஒரு பெரிய மூச்சு விட்டார். இந்தக் கேள்விக்காகவே அவர் மலையடிவாரத்திலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது.

"சொன்னேங்க. பொன்னனை உள்ள சேர்த்துட்டு வெளிய வந்ததும், வாசல்லயே வெச்சு ஊதச் சொன்னேங்க."

"மெஷின் இன்னா காட்டுச்சு?"

"ஒண்ணும் காட்டலிங்க. சைபர்."

"நடுவுல எங்கயாவது வண்டியை நிறுத்தினீங்களா? அவரு எதாவது சாப்பிட்டாரா, குடிச்சாரா?"

"எங்கயும் நிறுத்தலிங்க. அவரு பொன்னன் தலையைப் புடிச்ச புடி வுடலிங்க. ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்கல."

உடம்பில் ஏறிய சாராயம் மலையடிவாரத்திலிருந்து வேலூர் போவதற்குள் ஒன்றுமில்லாமல் போகாது. அது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அரசு வக்கீல் எழுந்து, இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று ஏட்டைக் கேட்டார். "எஸ்.ஐ. ஐயாகிட்ட சொன்னேங்க. மொதல்ல ஊதினதுதான் கணக்குன்னாரு" என்றார் ஏட்டு. அதில் குற்றச்சாட்டு இல்லை, நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான்.

மாஜிஸ்ட்ரேட் பேனாவை மூடி வைத்தார். எஸ்.ஐ.யை மறுபடியும் கூண்டில் ஏறச் சொன்னார். "இவர் உங்ககிட்ட அப்படிச் சொன்னாரா?"

இல்லை என்று ஒரு வார்த்தை போதும். ஏட்டின் பேச்சு தனியாக நின்றுபோகும். இளவயது, புது வேலை, மேலதிகாரிகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவர். அவர் ஏட்டைப் பார்த்தார், வெள்ளையனைப் பார்த்தார். அந்த வளைவில் என்ன நடந்தது என்று அவருக்கு இன்னும் தெரியாது. ஆனால் தனக்குத் தெரியாத ஏதோ ஒன்றுக்காக இரண்டு பேர் வாய் திறக்காமல் நிற்கிறார்கள் என்பது அவருக்கும் புரிந்திருக்க வேண்டும்.

"சொன்னாருங்கம்மா" என்றார். "நான்தான் அதை எடுத்துக்கல."

அவர் காதெல்லாம் சிவந்திருந்தது. கோர்ட் முடிந்ததும் நானே போய் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். எதிர்த்தரப்பு சாட்சிக்கு அப்படிக் கை கொடுத்தது என் வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான்.

மாஜிஸ்ட்ரேட் வெள்ளையனைக் கேட்டார். "உங்களுக்குச் சொல்ல எதாவது இருக்கா?"

"நான் குடிக்கலிங்கம்மா. வேற ஒண்ணும் இல்லிங்க."

அந்த அம்மா பேனாவைத் திறந்தார். "அந்த வளைவில் என்ன நடந்தது என்று இந்தக் கோர்ட்டுக்குத் தெரியாது. இந்த வழக்கை முடிக்க அது தெரியவும் தேவையில்லை" என்றார். குற்றம் நிரூபிக்கப்படவில்லை, வழக்கு தள்ளுபடி, குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலை என்று உத்தரவு போட்டார். ஒரு நீதிபதி தன்னிடம் சொல்லப்படாத ஒன்றுக்கு அவ்வளவு மரியாதை கொடுத்து நான் பார்த்ததில்லை.

அலமேலு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். வெள்ளையன் எனக்கு ஒரு கும்பிடு போட்டார். சந்தோஷப்பட்ட மாதிரி தெரியவில்லை. இன்னும் சொல்லப்போனால் சற்றுப் பயந்த மாதிரி இருந்தார். ஜெயித்த கட்சிக்காரர் இப்படி நின்று நான் பார்த்ததே இல்லை. எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது. அவர் நேரே பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஆம்புலன்ஸ் வேலை கிடைத்தது. நானும் வேறு வழக்குகளில் மூழ்கிவிட்டேன். மலையில் சாமை விதைக்கிற சமயத்தில் ஒரு நாள் போன் வந்தது.

"சார், பொன்னன் அண்ணனை வூட்டுக்கு இட்டுனு போறேன். எனக்கு இன்னிக்கு லீவு, நம்ப ஜீப்தான். கூட வர்றீங்களா?"

முழங்கால் வலியைச் சாக்கு சொல்லத் தோன்றவில்லை. போனேன். பொன்னன் ஒரு கையில் தடியோடு பின் சீட்டில் மனைவியின் மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பேச்சு சற்றுக் குழறியது, ஆனால் சிரித்தார். நான் முன்னால் உட்கார்ந்தேன். மழை பெய்து ஓய்ந்திருந்தது. மலை முழுக்கப் பச்சை. கடைசி வளைவு, ஏறிப் போகிறவர்களுக்கு முதல் வளைவு, அங்கே ஒரு ஆள் வேட்டி சட்டையில் நின்றுகொண்டிருந்தார். சீருடை இல்லாததால் எனக்கு அடையாளம் தெரியச் சற்று நேரம் ஆனது. ஏட்டு.

வெள்ளையன் வண்டியை நிறுத்தினார். பொன்னனை இரண்டு பக்கமும் பிடித்து இறக்கினார்கள். அவர் குனிய முடியாமல் குனிந்து அந்தக் கல்லைத் தொட்டார். கீழே சமவெளி வயலும் ஏரியுமாக விரிந்து கிடந்தது. பொன்னன் கல்லைத் தாண்டி மேல்பக்கம் நாலு எட்டு நடந்தார். ஏட்டு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வெள்ளையன் என்னைப் பார்த்துத் திரும்பினார். முதன்முறையாக என் கண்ணை நேராகப் பார்த்தார்.

"இப்ப கேளுங்க சார்."

"இன்னா கேக்கறது?"

"அன்னிக்கு உங்க ஆபீஸ்ல கேட்டீங்களே."

எல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் அவர் சொல்லக் காத்திருக்கிறார் என்பதால் கேட்டேன். "அன்னிக்கு இன்னாய்யா நடந்துச்சு?"

"ஒரு வாய் எடுத்தேங்க, இந்தக் கல்லு மேல ஊதினேன். வேண்டிக்கினேன்." கல்லின் மேல் கையை வைத்தார். "எனக்குன்னு இருக்கறது இந்த வண்டி ஓட்டறது ஒண்ணுதான். அதை எடுத்துக்கோ, இந்த ஆளை வுட்டுடுன்னு சொன்னேங்க. சொல்லிட்டு கீழ இறங்கினதும் கை காட்டி நிறுத்தினாங்க. லைசென்ஸைப் புடுங்கினாங்க. சாமி நான் சொன்னதை எடுத்துக்கிச்சு, பொன்னன் அண்ணன் பொழைச்சிடுவாருன்னு எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு. அலமேலுதான் கேக்காம உங்ககிட்ட இட்டுனு வந்துட்டா."

மூடிய கண்களோடு அவர் கூண்டில் நின்றது எதற்காக என்று அப்போதுதான் புரிந்தது. அவர் கொடுத்துவிட்டு வந்ததை நான் வாதாடி வாதாடித் திரும்ப வாங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். பொன்னன் ஆஸ்பத்திரியில் கிடந்த அத்தனை நாளும் இந்த மனிதர் என்ன பாடு பட்டிருப்பார் என்று நினைத்துப் பார்த்தேன்.

"அப்ப நான் ஜெயிச்சது தப்பாய்யா?" என்று கேட்டேன்.

வெள்ளையன் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

"நீங்க எங்க சார் ஜெயிச்சீங்க? சாமி வேணான்னு திருப்பிக் குடுத்துச்சு. ஏறுங்க, மழை வருது."